ஆறு நிமிஷக் குழந்தை

முத்தியால்பேட்டை கமலா அடுக்ககத்தில் இப்போதெல்லாம் ஒரு குழந்தையைப் பார்த்தால் யாரும் பெயரைக் கேட்பதில்லை. நிமிஷத்தைத்தான் கேட்கிறார்கள்.

“பையன் எத்தனை?”

“முப்பத்திரண்டு.”

“அடேங்கப்பா! எங்களது பதினெட்டுலயே குந்திக்கினு இருக்குது. பாதாம் கீதாம் ஊற வச்சுக் குடுக்கிறீங்களா?”

முதல் மாடி பெர்னதெத் அக்கா, தன் மகன் ரெமியின் முப்பத்திரண்டைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அடக்கம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கேட்டவர் “என்ன, சரியா விழலையே” என்றால் இன்னொரு தரம் சொல்லலாம் அல்லவா?

இரண்டாம் மாடி மிருதுளா இந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் நிற்கவே மாட்டாள். படிக்கட்டில் யாராவது தென்பட்டால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, யாருமே இல்லாத மறுமுனையிடம் “ஆமாங்க, சொல்லுங்க” என்று பேசியபடியே ஏறிவிடுவாள். ஒருநாள் அப்படி ஏறும்போது அந்தக் கைப்பேசி நிஜமாகவே மணியடித்துத் தொலைத்தது. பெர்னதெத் அக்கா அதை மூன்று வீட்டில் சொல்லியாயிற்று.

மிருதுளாவும்தான் என்ன செய்வாள்? அவள் மகள் நறுமுகை ஆறு நிமிஷக் குழந்தை.

இந்த வியாதி ஊருக்குள் வந்தது இரண்டாயிரத்து முப்பத்தொன்பதில். அதற்கு முன்னால் ஆன்லைனில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளுக்கு அரை மணி, முக்கால் மணி என்று பாடம் நடந்தது. அரை மணி போதுமா, முக்கால் மணி தாங்குமா என்று பெற்றோர்கள் வாட்ஸப் குழுக்களில் அடித்துக்கொண்டார்கள். ஐந்து வயதுக்கு இருபது நிமிஷம் என்றாள் ஒருத்தி. இருபதில் வணக்கம் சொல்வதற்கே ஐந்து போய்விடும் என்றாள் இன்னொருத்தி. அந்தச் சண்டைக்குள் நுழைந்ததுதான் ‘துளித்துளி’. “சட்டைக்கு அளவெடுக்கிறோம். செருப்புக்கு அளவு பார்க்கிறோம். பாடத்துக்கு மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே அளவா?” என்று விளம்பரம். எவ்வளவு நியாயமான கேள்வி!

துளித்துளியின் தொடுதிரைப் பலகையில் மதாம் ஒதில் என்று ஓர் ஆசிரியை. ஆளில்லை, நிரல்தான். ஆனால் நம் வாத்தியார்களைவிடச் சிரித்த முகம். பாடம் நடத்திக்கொண்டே பிள்ளையின் கண்ணைப் பார்ப்பாள், மூச்சைக் கேட்பாள், வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சத்தத்தையும் எடைபோடுவாள். பிள்ளையின் கவனம் தீர்ந்துவிட்டது என்று பட்டதோ, “அ பியேந்தோ”, அதாவது ‘அப்புறம் பார்ப்போம்’, என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். அதட்டல் இல்லை, குட்டு இல்லை. திரையில் ஒரு வரி மட்டும் வரும். ‘இன்றைய கவனம்: இத்தனை நிமிடம்.’

அந்த வரியை மட்டும் போடாமல் இருந்திருந்தால் ஊர் நன்றாக இருந்திருக்கும். எண் என்று ஒன்றைக் கண்ணில் காட்டிவிட்டால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவத்தில் நிமிஷம் வந்தது. பிறந்தநாள் விழாவுக்கு யாரை அழைப்பது என்பதில் நிமிஷம் வந்தது. மூன்றாம் மாடியில் ஒரு வரன் கூடி வந்து கலைந்துபோனது. மாப்பிள்ளை பொழுதுபோகாமல் தன் அக்கா பிள்ளையின் பலகைமுன் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், பதினொன்று. விஷயம் எப்படியோ பெண் வீட்டுக்குப் போய்விட்டது. எப்படி என்று பெர்னதெத் அக்காவைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வாள்.

மற்றவர்களுக்கு நிமிஷம் என்பது ஜம்பம். மிருதுளாவுக்கு அது புருஷன்.

அவள் கணவன் சேது மூன்று வருஷமாக லியோன் பக்கத்தில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறான். குடும்பத்தை அழைத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி வந்துவிட்டது, ஒரே ஒரு நிபந்தனையோடு. பிள்ளை பிரெஞ்சு பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் தேர்வில் தேற வேண்டும். தேர்வு இருபது நிமிஷம் நடக்கும், விண்ணப்பம் துளித்துளி வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே இருபது நிமிஷக் கவனம் இல்லாத பிள்ளையின் விண்ணப்பத்தைத் துளித்துளி மேலே அனுப்பவே அனுப்பாது. விண்ணப்பத்துக்கு வருஷத்தில் ஒரே கடைசித் தேதி, ஜூன் முப்பது. போன வருஷம் தவறிப்போனது. இந்த வருஷமும் ஏப்ரல் பிறந்துவிட்டது, நறுமுகை ஆறிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மிருதுளா செய்யாத வைத்தியம் இல்லை. வல்லாரை லேகியம் கொடுத்தாள். மின்விசிறிச் சத்தம் தொந்தரவோ என்று அதை நிறுத்தி, இரண்டு பேரும் வியர்வையில் குளித்தார்கள். பாடத்தைக் காலையில் வைத்தாள், மாலையில் வைத்தாள், சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டுக்குப் பின்னால். ஐந்தே முக்கால், ஆறு, ஆறேகால் நிமிஷம். அதற்குமேல் மதாம் ஒதில் நிற்க மாட்டாள். குழந்தை கண்ணைக்கூட எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பாழாய்ப்போன கை எழும். “அ பியேந்தோ!”

“போடி நீயும் உன் பியேந்தோவும்” என்று மிருதுளா பலகையைக் கவிழ்த்து வைப்பாள்.

இதில் எரிச்சலுக்கு எண்ணெய் ஊற்றுகிற சங்கதி ஒன்று உண்டு. அந்த ஆறு நிமிஷத்தில் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நறுமுகை மறக்க மாட்டாள். குளிக்கும்போது குளியலறைக்குள் மதாம் ஒதில் பேசுவது கேட்கும். அதே ஏற்ற இறக்கம், அதே மூக்கு. படிக்கட்டுப் பூனைக்குப் பிரெஞ்சில் புத்திமதி நடக்கும்.

“எல்லாம் தெரியுதேடி உனக்கு! அப்புறம் ஏன்டி ஆறு நிமிஷம்?”

“நான் என்னம்மா பண்ணுவேன்? நான் நல்லாத்தான் கேக்குறேன். அவங்கதான் போயிடுறாங்க.”

“பொய் சொன்னா வாயிலயே போடுவேன்.”

குழந்தை பொய் சொல்லவில்லை என்பது மே மாதம் ஒரு புதன்கிழமை தெரியவந்தது.

அன்றைக்கு மிருதுளா துளித்துளியின் உதவி எண்ணை அழைத்து, ‘ஒன்றை அழுத்தவும், நான்கை அழுத்தவும்’ எல்லாம் அழுத்தி ஓய்ந்து, கடைசியில் காரைக்காலிலிருந்து ஃபர்ஹானா என்கிற ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டாள். பிடித்தவள் விடவில்லை.

“எங்க பொண்ணு மண்டு இல்ல, புரியுதா? உங்க மிஷினுதான் மண்டு. நீங்களே போட்டுப் பாருங்க.”

“ஒரு நிமிஷம் இருங்க மேடம், பதிவு கேக்குறேன்.”

ஒரு நிமிஷம் என்பது ஏழு நிமிஷமாயிற்று. நறுமுகையின் கவனத்தைவிட நீளம் என்று மிருதுளா கசப்போடு நினைத்துக்கொண்டாள்.

“மேடம்… பாப்பா நடுவுல நடுவுல ‘ம்’னு ஒரு சத்தம் போடுது. மதாம் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும்.”

“ஆமா. அதுக்கென்ன?”

“அதான் மேடம் விஷயம். வாயை மூடிக்கிட்டு மூக்கால விடுற சத்தத்தை எங்க சிஸ்டம் முனகல்னு எடுத்துக்குது. ‘போதும், ஆளை விடு’ங்கிற மாதிரி. ஒண்ணு ரெண்டுன்னா கண்டுக்காது. பாப்பா ஆறு நிமிஷத்துல நாற்பது தடவை போடுது.”

மிருதுளாவுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

“ஏம்மா, உனக்குத் தமிழ் தெரியும்ல? அது உம் கொட்டுறதும்மா! கதை கேக்குறப்போ கொட்டுவாங்கல்ல, அது! கேட்டுக்கினு இருக்கேன், மேல சொல்லுன்னு அர்த்தம்!”

“எனக்குத் தெரியாதா மேடம்? எங்க அத்தா கதை சொன்னா, உம் கொட்டலைன்னா பாதியிலயே எழுந்து போயிடுவாரு. ஆனா இந்த சிஸ்டத்துக்கு யாரும் சொல்லித் தரலையே. வேற எந்த ஊருப் பிள்ளைங்களையோ வச்சு அளந்தது. அதுங்க வாயைத் திறக்காம உக்காந்து கேக்குமாம்.”

“அப்போ நல்லாக் கேக்குற பிள்ளைக்குத்தான் கம்மி நிமிஷம். அப்படித்தானே?”



“சிஸ்டத்தை மாத்தச் சொல்லி எழுதலாம் மேடம். நாங்களும் ரெண்டு வருஷமா எழுதிட்டுத்தான் இருக்கோம். உங்களுக்கு ஜூன் முப்பதுதானே? பாப்பாவை மாத்துறது சுலபம். நிறையப் பேரு அதான் பண்றாங்க.”

நறுமுகைக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மிருதுளாவுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாலை நாலு மணிக்குச் சேது பேசுவான். அங்கே அது பகல் சாப்பாட்டு இடைவேளை. கிடங்குக்குள் சிக்னல் அரைகுறை, முகம் பார்த்துப் பேச வழியில்லை. குரல் மட்டும்தான், அதுவும் எப்போது அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. அவன் மகளுக்குத் தொடர்கதை சொல்வான். புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து யாரோ ஒருவரின் பெட்டிக்குள் ஏறி லியோனுக்கு வந்துவிட்ட நண்டு நாகலிங்கம் என்பவரின் சரித்திரம். மூன்று வருஷமாக நடக்கிறது.

“நீ ‘ம்’ சொன்னாத்தான் நண்டு நகரும்” என்பது அவன் போட்ட சட்டம். “சொல்லலைன்னா லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சு நண்டு அங்கயே நின்னுடும்.”

ஆகவே குழந்தை மதாம் ஒதிலுக்கும் அந்த மரியாதையைச் செய்துகொண்டிருந்தது.

“இனிமே பாடத்துல ‘ம்’ சொல்லக் கூடாது” என்றாள் மிருதுளா.

“அய்யோ, பாவம்மா. லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சுப்பாங்களே.”

“அது மிஷினுடி. அதுக்கு ஒண்ணும் தோணாது.”

“அப்போ அவங்க பாட்டுக்குத் தனியாப் பேசினு இருக்கணுமா?”

இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல ஜூன் முப்பதுக்கு முன்னால் நேரம் இல்லை. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். அப்போதுதான் ஒன்று புரிந்தது: ‘ம்’ என்பது வாயை மூடினால் வருகிற எழுத்து. தண்ணீருக்குப் பின்னாலிருந்தும் அது பாட்டுக்கு வந்தது. புளிப்பு மிட்டாய் கொடுத்தாள். மிட்டாயைச் சப்பிக்கொண்டே, முன்னைவிட ருசித்து, “ம்… ம்…” ஏழு நிமிஷம். கையால் வாயைப் பொத்திப் பார்த்தாள். மதாம் ஒதில் மூன்றாம் நிமிஷமே கிளம்பிவிட்டாள். குழந்தை அழுகிறது என்பது மட்டும் அதற்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

வழி காட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? பெர்னதெத் அக்காதான். மேல்வீட்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் அவளுக்குக் கால் தானாக ஏறும். சர்க்கரை கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு வந்தவள், நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

“‘ம்’மா?” என்றாள்.

மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருகிட்டயும் சொல்லிடாதே. ரெமியும் மொதல்ல எட்டுதான். வெளிய பதினாறுன்னு சொல்லி வச்சிருந்தேன். ஐஸ் குச்சி இருக்குல்ல, ஐஸ் குச்சி? அதைக் குறுக்கால பல்லுல கடிச்சுக்கச் சொல்லு. உதடு ஒட்டாது. உதடு ஒட்டலைன்னா எங்கேர்ந்து ‘ம்’ வரும்? ஒரு மாசம். அப்புறம் குச்சியே தேவையில்லை.”

“வலிக்காதாக்கா?”

“மொதல்ல ரெண்டு நாள் எச்சில் ஒழுகும். துண்டு போட்டுக்க. உங்க வீட்டுக்காரரைப் பாக்கணுமா வேணாமா?”

போகும்போது மறக்காமல் சர்க்கரையையும் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாளிலிருந்து நறுமுகை கழுத்தில் துண்டோடு, பல்லிடுக்கில் ஐஸ் குச்சியோடு, சிரித்த மாதிரியும் சிரிக்காத மாதிரியும் ஒரு முகத்தோடு மதாம் ஒதில் முன்னால் உட்கார்ந்தாள். முதல் நாள் ஒன்பது. நான்காம் நாள் பதினான்கு. ‘ம்’ வருகிற இடங்களில் தொண்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிருதுளா அதைப் பார்க்காமல் திரையின் மூலையில் ஓடுகிற எண்ணைப் பார்ப்பாள். பத்தாம் நாள் இருபத்திரண்டு. தொண்டையும் அசைவதை நிறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் பழக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று, “பரீட்சை முடியட்டும், அப்புறம் கதை” என்று சேதுவிடம் சொல்லி நாலு வாரம் நிறுத்தி வைத்தாள். அவனும் சரி என்றான். அதுவரைக்கும் நண்டு ஸ்டேஷனிலேயே நிற்கட்டும் என்றான், அவ்வளவுதான்.

ஜூன் பதினெட்டாம் தேதி குச்சி இல்லாமலே முப்பத்தெட்டு!

கமலா அடுக்ககத்தின் சரித்திரத்தில் இல்லாத எண். விண்ணப்பம் அன்றைக்கே மேலே போய், மறுநாளே ஏற்றுக்கொண்டதாகவும் தேர்வு ஜூலை முதல் வாரம் என்றும் தகவல் வந்தது. மிருதுளா நான்கு மாடிக்கும் ரவா லட்டு கொடுத்தாள். கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். “எத்தனை?” என்று கேட்டவர்களிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

பெர்னதெத் அக்கா லட்டை வாங்கிக்கொண்டு, “குச்சியைப் பத்திரமா வச்சிரு” என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தில் பொறாமையைத் தேடினாள் மிருதுளா. கிடைக்கவில்லை. உள்ளே ரெமி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், இரண்டு தரம், மூன்று தரம். பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிருதுளா ஒரு நொடி நின்றாள். பிறகு அடுத்த வீட்டுக்கு லட்டு கொண்டுபோனாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் பயமில்லை என்று, கதைக்கு அனுமதி கொடுத்தாள். நாலு மணிக்குச் சேது அழைத்தான். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு மிருதுளா துணி மடிக்க உட்கார்ந்தாள்.

“நறு குட்டி! நண்டு நாகலிங்கம் ஒரு மாசமா ஸ்டேஷன்லயே நிக்கிறாரு, தெரியுமா? கால் வலிக்குதாம். எட்டுக் காலும்.”

சேது காத்திருந்தான்.

“சிரிப்பு வரலையா? சரி, கேளு. ரயில் வந்துடுச்சு. கதவு திறந்துடுச்சு.”

மறுபடி காத்திருந்தான்.

“ஹலோ? நறு? லைன் இருக்கா?”

இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி அழைத்தான். மிருதுளா துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே பொத்தானைத் தட்டினாள். “ரயில் வந்துடுச்சு, கதவு திறந்துடுச்சு. ஹலோ? ஹலோ?” மறுபடி துண்டித்தான்.

மிருதுளா தலையைத் தூக்கினாள். நறுமுகை மேஜைமுன் நேராக உட்கார்ந்திருந்தாள். கண் கைப்பேசிமேல். மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவில் சரியாக ஒரு ஐஸ் குச்சி அளவுக்கு இடைவெளி.

“சொல்லேன்டி. அப்பா கூப்புடுறாருல்ல.”

“கவனமாத்தான்மா இருக்கேன்.”

“அப்பா என்ன சொன்னாரு?”

குழந்தை யோசித்தது. வெகுநேரம் யோசித்தது.

“தெரியலை. ஆனா நான் அசையவே இல்லையே.”

மிருதுளாவின் கையில் மடித்துக்கொண்டிருந்த பாவாடை அப்படியே நின்றது. “நேத்து மதாம் என்ன சொல்லிக் குடுத்தாங்க? முப்பத்தெட்டு நிமிஷம் உக்காந்தியே, அதுல?”

“தெரியலை.”

“முந்தாநாள்?”

நறுமுகை உதட்டைச் சேர்க்காமலே தலையை ஆட்டினாள். குளியலறையில் மதாம் ஒதிலின் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று மிருதுளா எண்ணிப் பார்த்தாள். பூனை இரண்டு வாரமாகப் படியேறவில்லை. இன்னும் பதினைந்து நாளில் யாரோ ஒருவர் இந்தக் குழந்தையிடம் இருபது நிமிஷம் பேசிவிட்டு, ‘என்ன புரிந்தது?’ என்று கேட்கப்போகிறார்.

கைப்பேசி மூன்றாவது முறையாக மணியடித்தது.

“மிருது, அங்க சிக்னல் சரியில்லையா? பேசுறதே கேக்கல. நறு, இருக்கியாடா? எனக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். நண்டு கதவுகிட்டயே நிக்குது. நீ சொன்னாத்தான் ஏறும்.”

மிருதுளா மகளைப் பார்த்தாள். மகள் கைப்பேசியைப் பார்த்தாள்.

“ம்” என்றாள் மிருதுளா.

“அப்பாடா! இருக்கியா? பயந்தே போயிட்டேன். ஏறிடுச்சு, நண்டு ஏறிடுச்சு! பக்கவாட்டுல நடந்தே போயி ஜன்னல் சீட்டைப் பிடிச்சிடுச்சு.”

“ம்.”

“என்னடி இது, ‘ம்’ சொல்றதுகூட உங்கம்மா மாதிரியே ஆயிடுச்சு! ஒரு மாசத்துல இவ்ளோ வளந்துட்டியா?”

மிருதுளா கைப்பேசியை நெஞ்சோடு இழுத்து வைத்துக்கொண்டாள். “ம்” என்றாள். அந்தப் பக்கம் ரயில் கிளம்பியது. டிக்கெட் பரிசோதகர் வந்தார். நண்டு எந்தக் காலை நீட்டுவது என்று திணறியது. சேது விட்ட ஒரு மாசத்தையும் சேர்த்துப் பிடிக்கிறவன் போல் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மிருதுளா உம் கொட்டினாள்.

யாரோ புடவையை இழுத்தார்கள்.

நறுமுகை பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கையில் அவளுடைய பென்சில் டப்பா. அதைத் திறந்து, பல்தடம் பதிந்த ஐஸ் குச்சியை எடுத்து, பாவாடையில் இரண்டு பக்கமும் துடைத்து, அம்மாவின் வாயருகே நீட்டினாள்.

“வச்சுக்கம்மா” என்று கிசுகிசுத்தாள். “நிமிஷம் கொறைஞ்சிடப் போவுது.”